தீயில் போன சான்றிதழ்

அந்த மார்கழி முழுவதும் என் கணவர் ஓர் இடத்தில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. வேலை விட்டு வருவார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். காப்பியை நின்றபடியே குடிப்பார். அதே சட்டையை மறுபடி போட்டுக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார். எங்கே என்று கேட்டால் சும்மா என்பார். ஒருநாள் வானகரத்தில் லாரிகள் நிற்கிற இடத்தில் அவரைப் பார்த்ததாகப் பக்கத்துப் போர்ஷன் அக்காவின் வீட்டுக்காரர் சொன்னார். அம்பத்தூரிலிருந்து வானகரத்துக்குச் சும்மா யாரும் சைக்கிள் மிதிக்க மாட்டார்கள். அன்று அவர் வந்ததும் கேட்டேன். போகி வருகிறதே, பழைய டயர் ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கப் போனேன் என்றார். இரண்டு நாள் கழித்து உண்மையிலேயே ஒரு லாரி டயரைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்து கிணற்றடியில் போட்டார். நானும் நம்பிவிட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ரயில் பாதைக்கு வடக்கே, கள்ளிக்குப்பம் போகிற சாலையில் ஒரு காம்பவுண்டில் குடியிருந்தோம். ஐந்து போர்ஷன், ஒரு கிணறு, ஒரு அடிபம்பு. எங்களுடையது கடைசிப் போர்ஷன். மகளுக்கு நாலு வயது. அவர் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் பவர் பிரஸ் செட்டர். தகட்டை ஒரே அடியில் வெட்டித் தள்ளும் அந்த இயந்திரங்களில் அச்சை மாட்டி, சரிபார்த்து, ஓட்டுகிற ஆளிடம் ஒப்படைப்பது அவர் வேலை. நான் அதே எஸ்டேட்டில் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன்.

கார்த்திகையில் அவர் கம்பெனியில் ஒரு விபத்து. அவருடைய சிநேகிதர், எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாகப் பக்கத்தில் நின்றவர், பிரஸ்ஸில் கையைக் கொடுத்துவிட்டார். வலது கையில் நாலு விரல் போனது. எஸ்டேட்டில் இது புதிய செய்தி இல்லை. காலை நேரத்து பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்திருக்கும் கைகளை எண்ணிப் பார்த்தாலே தெரியும், எத்தனை கைகளில் விரல் குறைவென்று. ஆனால் தெரிந்தவர் கை என்றால் வேறுதானே. இவர் இரண்டு நாள் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார். வீடு திரும்பியபின் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சிநேகிதர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார், ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம் என்று நான் கூப்பிட்டபோதெல்லாம் ஏதாவது ஒரு காரணம் சொன்னார்.

அவருக்கு மனசு சரியில்லை என்பது எனக்குத் தெரிந்தது. ஆனால் என் நினைப்பெல்லாம் வேறிடத்தில் இருந்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அவர் பெயரைப் பதிந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு அவரை விடாமல் நச்சரித்து, லீவு போடவைத்து, கூடவே போய் வரிசையில் நின்று புதுப்பித்தவள் நான்தான். அவரோடு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்த இரண்டு பேருக்கு ஆவடியில் ஓர் அரசுத் தொழிற்சாலையிலிருந்து நேர்முகத் தேர்வுக்குக் கார்டு வந்துவிட்டது. அடுத்தது நமக்குத்தான் என்று தபால்காரர் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினேன். ஆவடி வேலை கிடைத்தால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். குழாயில் தண்ணீர் வரும். மகளை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம். இப்படியெல்லாம் அக்காவிடம் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா வீட்டில் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். ஜெபத்தில் உன் வீட்டுக்காரர் பெயரையும் சேர்த்துக்கொள்கிறேன் என்பார்.

நான் பிறந்தது நசரத்பேட்டை. எண்பதுகளில் அங்கே போகிக்குக் கிழிந்த பாய், தேய்ந்த துடைப்பம், மக்கிய கோணி இவற்றைத்தான் கொளுத்துவோம். அரை மணியில் எரிந்து அணைந்துவிடும். அம்பத்தூருக்குக் கல்யாணமாகி வந்த முதல் போகியில்தான் டயர் எரிவதைப் பார்த்தேன். எந்தத் தெருவில் நெருப்பு உயரம் என்று ஒரு போட்டியே நடக்கும். ரோட்டோரம் வாங்கிய சின்ன மேளங்களைப் பிள்ளைகள் விடியாத நேரத்திலிருந்து தட்டுவார்கள். பனியும் கரிப்புகையும் ஒன்றாகக் கலந்து எதிர்வீடு தெரியாது. ரயில்கள் நீளமாக ஊதிக்கொண்டே ஊர்ந்து போகும். மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். ஆனாலும் எனக்குப் போகி பிடிக்கும். வருடம் முழுக்க எடுக்கவும் முடியாமல் எறியவும் முடியாமல் வைத்திருந்த சாமான்களை அன்றைக்கு ஒரு நாள் யாரும் ஏன் என்று கேட்காமல் எறியலாம்.

அந்த வருடம் போகிக்கு முந்தின நாள் நான் லீவு போட்டிருந்தேன். ஆச்சரியம், அவரும் லீவு போட்டார். வீட்டு வேலைக்கென்று அவர் லீவு போட்டதே கிடையாது. பரணில் இருந்ததையெல்லாம் இறக்கிக் கொடுத்தார். அறைக்குச் சுண்ணாம்பு அடித்தார். நான் டிரங்குப் பெட்டியைக் காலி செய்து, புடவைகளை வெளியே எடுத்து உதறினேன். பெட்டிக்குள் அடியில் விரித்திருந்த பழைய செய்தித்தாள்கள் மஞ்சளாகிப் பூச்சி அரித்திருந்தன. புதுத் தாள் விரிக்க வேண்டும். அதற்குள் மகள் சுண்ணாம்பு வாளியில் கையை விட்டுவிட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு பம்படிக்கு ஓடினேன். கழுவிவிட்டுத் திரும்பி வந்தால், அவர் பழைய தாள்களையெல்லாம் ஒழுங்காக அடுக்கி, கயிறு போட்டு ஒரு கட்டாகக் கட்டி வாசலில் வைத்திருந்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். பரவாயில்லையே, மனுஷன் மாறிவிட்டார் என்று நினைத்தேன்.

விடியற்காலை காம்பவுண்டு வாசலில் எல்லாரும் கூடினோம். அக்கா வீட்டில் போகி கிடையாது. இருந்தாலும் கிறிஸ்துமஸ் குடிலில் போட்டிருந்த வைக்கோலையும், மூங்கில் ஒடிந்துபோன நட்சத்திரத்தையும் எடுத்து வந்து கொடுத்தார். வைக்கோலில்தான் முதலில் நெருப்பு வைத்தோம். அது பாயைப் பிடித்து, பாய் டயரைப் பிடித்தது. நான் அந்தக் காகிதக் கட்டைத் தூக்கிப் போட்டேன். கட்டு உடனே எரியவில்லை. ஓரம் மட்டும் சிவந்து, மெதுவாக உள்ளே போய், பிறகு திடீரென்று குப்பென்று விரிந்தது. தாள்கள் ஒவ்வொன்றாகப் புரண்டு மேலே பறந்தன. பிள்ளைகள் மேளத்தை அடித்துக்கொண்டு சுற்றி வந்தார்கள். என் கணவர் சுவரில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டு முழுசாகச் சாம்பலாகிற வரை நகரவில்லை.

தை மாதம் மூன்றாவது வாரத்தில் கார்டு வந்தது. பன்னிரண்டு நாளில் நேர்முகத் தேர்வு. அசல் சான்றிதழ்களோடு வர வேண்டும் என்று அச்சடித்திருந்தது. நான் கார்டைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு நேரே டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அவருடைய ஐ.டி.ஐ. சான்றிதழை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பெட்டியின் அடியில், விரிப்புத் தாளுக்குக் கீழே வைப்பது வழக்கம். புடவைகளை எடுத்தேன். தாளைத் தூக்கினேன். தகரம் தெரிந்தது. அவ்வளவுதான்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். விரிப்புத் தாளுக்குக் கீழே இருந்தது, விரிப்புத் தாளோடேயே போயிருக்கிறது. நான் பெட்டியைக் காலி செய்தபோது அதைத் தனியாக எடுத்து வைத்தேனா? ஞாபகமில்லை. எடுத்ததாக ஒரு நினைவு வரும், உடனே அது போன வருடத்து நினைவு என்று தோன்றும். அரிசி டின்னில் தேடினேன். மகளின் பைக்குள் தேடினேன். பரணில் ஏறி ஒவ்வொரு பாத்திரமாகக் கவிழ்த்துப் பார்த்தேன். சாயங்காலம் காம்பவுண்டு வாசலுக்குப் போய், போகி எரித்த இடத்தைக் காலால் கிளறிக்கூடப் பார்த்தேன். டயருக்குள் இருந்த கம்பிகள் மட்டும் சுருண்டு கிடந்தன. சாம்பல் என்றைக்கோ காற்றில் போயிருந்தது. அன்று எரிந்த தாள்களில் ஒன்று கெட்டியாக, ஒரு சிவப்பு முத்திரையோடு சுருண்டு மேலே போனதை என் கண்ணால் பார்த்தது போலவே தோன்ற ஆரம்பித்தது. உண்மையில் பார்த்தேனா, பயத்தில் நானே உண்டாக்கிக்கொண்டேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இரவு அவர் வந்தார். கார்டைக் கொடுத்தேன். படித்தார். சரி என்றார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். சான்றிதழை எடுத்து வை என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அவர் கேட்டிருந்தால் அழுதுகொண்டாவது சொல்லியிருப்பேன். கேட்காததால் சொல்லவும் வழியில்லாமல் போயிற்று. பத்திரமாக நான் வைத்திருப்பேன் என்று என்மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்தால் கேட்காமல் இருப்பார் என்று நினைத்து நினைத்து வெந்தேன். வேலையில் கத்தரிக்கோல் நூலை விட்டுத் துணியை வெட்டியது. சூப்பர்வைசர் அம்மா இரண்டு முறை திட்டினார். வீட்டில் பால் பொங்கி வழிந்தது. மகள் எதற்கோ அழுதபோது ஓங்கி ஓர் அடி கொடுத்துவிட்டு, அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன்.

நாலாம் நாள் அக்காவிடம் சொல்லிவிட்டேன். அக்கா பதறவில்லை. அவருடைய தம்பிக்குப் பத்தாவது சான்றிதழ் தொலைந்தபோது போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துத்தான் மாற்றுச் சான்றிதழ் வாங்கினார்களாம்.

"அவராண்ட ஒரு வார்த்த சொல்லிட்டு செய்," என்றார் அக்கா. "ஆம்பளைக்குத் தெரியாம ஸ்டேஷன் படி ஏறாத."

"சொன்னா அவரு முகத்த பாக்க முடியாதுக்கா. வாங்கிக் கையில குடுத்துட்டு சொல்லிக்கிறேன்."

அரை நாள் லீவு போட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். அதற்கு முன் நான் எந்த ஸ்டேஷனுக்குள்ளும் நுழைந்ததில்லை. எழுத்து வேலை பார்க்கிற ஏட்டு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். சான்றிதழ் காணோம் சார் என்று ஆரம்பித்தேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"போகியா?" என்றார்.

ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"தை மாசம் பூரா இதாம்மா. ரேஷன் கார்டு, நிலத்துப் பத்திரம், பாஸ்புக்கு. எல்லாத்தையும் கொளுத்திட்டு இங்க வந்து நின்னா நாங்க இன்னா சாம்பலையா தேடுறது?" என்றவர், ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். எரிந்துவிட்டது என்று எழுதாதே, பஸ்ஸில் தொலைந்துவிட்டது என்று எழுது, அப்போதுதான் கண்டுபிடிக்க முடியவில்லை என்று நாங்கள் எழுதித் தர முடியும் என்று சொல்லிக் கொடுத்தார். கேட்டுக்கொண்டிருந்த இன்னொரு போலீஸ்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்ன தேதியில் இன்ன பஸ்ஸில் போகும்போது என் சான்றிதழ் தொலைந்துவிட்டது என்று என் கணவரே எழுதியது போல எழுதி, கீழே அவர் கையெழுத்தையும் நானே போட்டேன். அவசரமாகப் போட்டதால் கையெழுத்து உண்மையானது போலவே கிறுக்கலாக விழுந்தது. இரண்டு முறை நடையாக நடந்து ஸ்டேஷன் முத்திரையோடு தாளை வாங்கினேன்.

அதற்கடுத்து என் கணவர் படித்த ஐ.டி.ஐ.க்குப் போனேன். மாற்றுச் சான்றிதழ் வர மாதக் கணக்கில் ஆகும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். எனக்கு இருந்தது மூன்றே நாள். வராந்தாவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வயதான ஆசிரியர் ஒருவர் என்னம்மா என்று விசாரித்தார். பெயரையும் படித்த வருடத்தையும் சொன்னதும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. அரம் பிடிக்கிறதில் அவனைப் போல் ஒரு பையனை நான் அப்புறம் பார்க்கவில்லை என்றார். அவரே உள்ளே போய்ப் பதிவேட்டை எடுக்கச் சொல்லி, இவர் இங்கே படித்துத் தேறியவர், மாற்றுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்திருக்கிறார் என்று ஒரு கடிதம் அடிக்கவைத்து, முதல்வர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கித் தந்தார். நேர்முகத் தேர்வுக்கு இது போதும், தைரியமாகப் போகச் சொல் என்றார். அவர் காலில் விழாத குறை. பஸ்ஸில் வரும்போது அந்த உறையை ஜாக்கெட்டுக்குள் வைத்து, மேலே புடவையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நேர்முகத் தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம். அவர் அன்று சீக்கிரம் வந்துவிட்டார். மகள் அக்கா வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். நான் அவரை உட்காரச் சொல்லி, கடிதத்தைக் கையில் கொடுத்தேன். படித்தார். மறுபடி படித்தார். முகம் மாறிவிட்டது.

"இது எப்டி உன் கைக்கு வந்துச்சி?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, போகி, ஸ்டேஷன், பொய்க் கையெழுத்து, ஒன்றுவிடாமல். உங்கள் ஒன்பது வருடத்தை என் கையாலேயே நெருப்பில் போட்டுவிட்டேன், என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீ போடலம்மே," என்றார். "நான்தான் அந்தப் பேப்பர் கட்டுக்குள்ள வெச்சேன்."

எனக்குப் புரியவில்லை. தெரியாமல் வைத்துவிட்டீர்களா என்றேன்.

"தெரிஞ்சிதான் வெச்சேன்."

பிறகு நடந்ததையெல்லாம் சொன்னார். அன்று சிநேகிதர் ஓட்டிய பிரஸ்ஸுக்கு அச்சை மாட்டியவர் இவர்தான். கை உள்ளே போகாமல் தடுக்க முன்னால் ஒரு கம்பித் தடுப்பு உண்டு. அது இருந்தால் வேலை மெதுவாக நடக்கும். அவசர ஆர்டர், கழற்றிவிடு என்று சூப்பர்வைசர் சொன்னாராம். இவர் முதலில் மாட்டேன் என்றாராம். மூன்றாம் முறை சொன்னபோது கழற்றிவிட்டார். ஸ்பேனரைப் பையில் வைத்துவிட்டு இரண்டு இயந்திரம் தள்ளி நடந்திருப்பார், பின்னால் அலறல் கேட்டது. ஓடிப்போய் விரல்களை ஒரு துணியில் பொறுக்கியவரும் இவரே. அன்றிலிருந்து பிரஸ் சத்தம் கேட்டாலே உடம்பு உதறுகிறது என்றார். சூப்பர்வைசர் மேல் பழி போட மனசு ஒப்பவில்லையாம். கழற்றியது என் கைதானே என்றார்.

"ஆவடியிலயும் மெஷின்தான். செட்டர்னு தெரிஞ்சா அங்கயும் பிரஸ் ஷாப்லதான் போடுவான். நீ ஆச ஆசயா அந்த கார்டுக்குக் காத்துகினு கீற. உன்னாண்ட எப்டி சொல்றது? சர்ட்டிபிகேட் இருந்தா போயே ஆவணும். இல்லன்னா போவ முடியாது. அவ்ளோதான் யோசிச்சேன்."

வானகரத்துக்கு ஏன் போனார் என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. அங்கே ஒரு லாரி டிரைவரைப் பிடித்து இரண்டு மாதமாக வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். ஓடிக்கொண்டே இருந்தால்தான் தலைக்குள் சத்தம் நிற்கிறது என்றார்.

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்தான். பதினோரு நாள் நான் பட்ட பாடு கண்முன் வந்தது. நான் தேடியபோது பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள் என்று கேட்டேன். நான் தேடுவதே தனக்குத் தெரியாது, நான் எதுவும் பேசாததால் பெட்டியை இன்னும் திறக்கவில்லை என்று நினைத்ததாகச் சொன்னார். ஒரே சாம்பலை ஆளுக்கொரு பக்கம் மூடி மறைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். அன்று இரவு சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் பேசாமல் படுத்துக்கொண்டேன். அவர் வெளியே போகவில்லை. புரண்டு புரண்டு படுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நானும் தூங்கவில்லை.

காலையில் அவர் குளித்துவிட்டு, என்ன செய்யட்டும் என்பது போல் நின்றார். போ என்று சொன்னால் போவார், வேண்டாம் என்றால் இருந்துவிடுவார். முடிவை என் தலையில் வைத்துவிட்டார். இரவெல்லாம் யோசித்து வைத்திருந்ததை வெடுக்கென்று சொன்னேன்.

"போய்ட்டு வா. போகாம இருந்துட்டா நான் சாகுற வரைக்கும் அத சொல்லிக் காட்டிகினே இருப்பேன். போய் முடியலன்னா முடியலன்னு வந்து சொல்லு."

அதுவரை நான் அவரை ஒருமையில் பேசியதில்லை. அவர் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆவடி பஸ் பிடிக்கப் போனார். நான் வேலைக்குப் போகவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அக்கா இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்தார். என்ன நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது என்றே எனக்குத் தெரியவில்லை. அவர் தேற வேண்டும் என்று ஒரு மனசு. தேறிவிட்டால் என்ன ஆவார் என்று இன்னொரு மனசு.

மூன்று மணிக்குத் திரும்பினார். கடிதத்தை ஏற்றுக்கொண்டார்களாம். ஓர் இரும்புத் துண்டைக் கொடுத்துச் சதுரமாக அராவச் சொன்னார்களாம். அராவிக் கொடுத்தார். பார்த்த அதிகாரி தலையசைத்துவிட்டு, தேறியவர்களோடு உள்ளே தொழிற்கூடத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார். ஓட்டிக் காட்டச் சொன்னது ஒரு பிரஸ். கையை வைத்தவர் எடுத்துவிட்டார். ஐயா, என்னால் முடியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, வாசலில் இருந்த மரத்தடியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாராம். சொல்லும்போதே அவர் விரல்கள் முழங்காலின்மேல் நடுங்கின. நான் அந்தக் கைகளை எடுத்து என் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். குவார்ட்டர்ஸ், குழாய், பள்ளிக்கூடம் எல்லாம் அந்த நிமிடத்தில் என்னை விட்டுப் போயின. வலித்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பன்னிரண்டு நாளில் முதல்முறையாக எனக்குப் பசித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே அவரை இழுத்துக்கொண்டு சிநேகிதர் வீட்டுக்குப் போனேன். கட்டுப் பிரித்திருந்தது. கையில் கட்டைவிரல் மட்டும் நின்றது. அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார். என் கணவர் டம்ளரைத் தொடவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, அன்னிக்குத் தடுப்பைக் கழற்றினது நான்தான் மச்சான் என்றார்.

"தெரியும்," என்றார் சிநேகிதர். "வேற யாரு கழட்டுவா? நீதானே செட்டரு. நானும் பாத்துகினுதானே நின்னேன். வேணாம்னு நான் சொன்னனா?" இடது கையால் டம்ளரை இவர் பக்கம் தள்ளி, "அதுக்கில்ல மச்சான் கோவம். மூணு மாசமா வரலியே, அதான்," என்றார்.

இவர் அழுதார். கல்யாணமான ஆறு வருடத்தில் இவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல். சிநேகிதரின் மனைவி என்னை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவருக்கு எங்கள்மேல் கோபம் இருந்தது; பாத்திரம் வைக்கிற சத்தத்தில் தெரிந்தது. அது தணிய வருடங்கள் ஆயின. அதில் தப்பொன்றும் இல்லை.

பங்குனியில் அவர் கம்பெனியை விட்டார். ஹெவி லைசென்ஸ் எடுத்து, நசரத்பேட்டையில் ஒரு பார்சல் ஆபீஸ் லாரியில் முதலில் மாற்று டிரைவராக, பிறகு முழு டிரைவராகப் போனார். பெங்களூர், ஓசூர், வாலாஜா. கைநடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. வீட்டில் இருக்கும் நாட்களில் உட்கார்ந்து சாப்பிட்டார், மகளோடு பேசினார். அவருடைய அலைச்சல் அப்படியே என் பக்கம் வந்துவிட்டது. ரோட்டில் கனமான வண்டி எது வேகம் குறைத்தாலும் காது அங்கே போய்விடும். அந்த ஓட்டத்துக்கு நான் பழகவே இல்லை.

அடுத்த போகிக்கு அவர் ஓசூரிலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். விடியுமுன் வீடு சேர வேண்டிய கணக்கு. தெருவெல்லாம் டயர் எரிந்தது. புகையில் எதிரே நிற்கிற ஆள் குரலை வைத்துத்தான் தெரிந்தார். பூந்தமல்லி பக்கம் நெடுஞ்சாலையில் ஒன்றுமே தெரியவில்லை, இரண்டு வண்டி மோதிக்கொண்டதாம் என்று முதல் பஸ்ஸில் வந்த யாரோ காம்பவுண்டில் சொல்லிவிட்டுப் போனார்கள். எந்த வண்டி, என்ன லோடு, யாருக்கும் தெரியவில்லை. பிள்ளைகள் மேளத்தை விடாமல் தட்டினார்கள். எங்கள் வாசலில் எரியக் காத்திருந்த டயரை அக்காவின் வீட்டுக்காரரிடம் சொல்லி உருட்டி, கிணற்றுக்குப் பின்னால் போடவைத்தேன். பிள்ளைகள் கத்தினார்கள். போடக்கூடாது என்றால் போடக்கூடாது என்றேன். பழைய பாயை மட்டும் கொளுத்திவிட்டு, புகையைப் பார்த்தபடி சாலையோரம் போய் நின்றேன். எட்டு மணி ஆயிற்று. ஒன்பது ஆயிற்று.

பத்தரைக்கு அவர் நடந்து வந்தார். முகமெல்லாம் கரி. ஒன்றும் தெரியாததால் வண்டியை ஓரம் கட்டி, விளக்கைப் போட்டுவிட்டு, வெயில் ஏறுகிற வரை உள்ளேயே உட்கார்ந்திருந்து, பிறகு வண்டியை ஆபீஸில் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். நான் வெந்நீர் விளாவினேன். குளித்துவிட்டு வந்து, போளி இருக்கிறதா என்று கேட்டார். நாலு சாப்பிட்டார். சாப்பிட்ட இடத்திலேயே தலையணை இல்லாமல் தூங்கிப்போனார். மகள் அவர் காது மடலில் ஒட்டியிருந்த கரியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவரை எழுப்பிவிடாதே என்று சொல்லிவிட்டு நான், காலையில் போடாமல் விட்ட கோலத்தைப் போட, கோலமாவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.